சுவடும் சுவடியும்

2021ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், தில்லி மயூர் விஹாரின் மூன்றாம் பகுதியில் உள்ள மத்தியப் பூங்காவில் காகங்கள் அடுத்தடுத்து இறந்து விழுந்தன. சற்றுத் தொலைவில் உள்ள சஞ்சய் ஏரியில் வாத்துகளும் மடிந்தன. அவற்றிலிருந்து எடுத்த மாதிரிகள் போபாலில் உள்ள விலங்குநோய் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது.

அந்நாள்களில் பலருடைய பார்வையும் ஒரே திசையில் திரும்பியது. மயூர் விஹாரை அடுத்திருப்பது காஜிப்பூர். தில்லிக்குக் கோழி வழங்கும் மொத்தச் சந்தை அங்கேதான் உள்ளது. அரசு முன்னெச்சரிக்கையாக அச்சந்தையை மூடியது. கூண்டு இறக்கும் தொழிலாளர் முதல் தெருமுனையில் கறி விற்பவர் வரை பலருடைய அன்றாடப் பிழைப்பு நின்றது. பின்னர்ச் சந்தைக் கோழிகளின் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் பறவைக் காய்ச்சல் இல்லை. சில நாள்களில் சந்தை மீண்டும் திறக்கப்பட்டது.

சந்தையை மூடியது தவறு என்று சொல்வதற்கில்லை. ஐயம் எழுந்தால் கதவை அடைத்துவிட்டுச் சோதிப்பதே முறை. ஆனால், அருகில் இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு என்பதை அந்தச் சோதனை காட்டியது.

பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை, ‘கோழியிடம் நோய் இருக்கிறதா, இல்லையா?’ என்று கேட்டதே போதுமானதாயிற்று. வேறு சில கிருமிகளிடம் அந்தக் கேள்வி செல்லாது. அவை மனிதர் குடலிலும் வாழும். கோழியின் குடலிலும் வாழும். மாட்டிலும் பன்றியிலும் வாழும். எல்லா இடத்திலும் இருப்பதாலேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு வந்தது என்று கூறிவிட இயலுமா? வந்தது உண்மையெனில், எத்திசையில் வந்தது? விலங்கிடமிருந்து மனிதருக்கா, மனிதரிடமிருந்து விலங்குக்கா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் அறிவியல் முறையை, சால்மொனெல்லா என்னும் கிருமியைக் கொண்டு அறிந்துகொள்ளலாம்.

பிறப்பிலேயே ஒரு வீண்பழி

சால்மொனெல்லாவுக்கும் சால்மன் மீனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டேனியல் சால்மன் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய தியோபால்டு ஸ்மித் 1885ஆம் ஆண்டு நோயுற்ற பன்றிகளிடம் இக்கிருமியைக் கண்டார். அப்போது பன்றிகளைக் கொள்ளை கொள்ளையாக மாய்த்துக்கொண்டிருந்த ஒரு காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று நம்பப்பட்டது. அந்தக் காய்ச்சலை உண்டாக்குவது ஒரு வைரசு என்பது 1903இல் தெரியவந்தது. நோயுற்ற பன்றியின் உடலில் சால்மொனெல்லா இருந்தது உண்மை. அந்த நோய்க்கு அது காரணமன்று. பெயர் பெறுவதற்கு முன்பே வீண்பழி பெற்ற கிருமி இது.

அதற்காக அதனைத் தீங்கற்றது என்று கருதிவிடலாகாது. சால்மொனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் ‘டைபி’ என்னும் வகையே டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சலைத் தருவது. அது மனிதரிடம் மட்டுமே வாழும். கோழிக்கும் மாட்டுக்கும் டைபாய்டு வருவதில்லை. ஆகவே ஒரு வீட்டுப் பிள்ளைக்கு டைபாய்டு வந்தால், ஐயப்பட வேண்டியது கழிவுநீர் கலந்த குடிநீரையும், கிருமியைச் சுமந்த ஒருவர் கைகழுவாமல் தொட்ட உணவையுமே, கோழிக்கடையை அன்று. ‘டைபிமூரியம்’, ‘என்டெரிடிடிஸ்’ முதலிய வகைகள் வேறு இயல்பின. அவை மனிதரிடமும் விலங்குகளிடமும் வாழ்ந்து, மனிதருக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தருகின்றன. நன்கு வேகாத முட்டையும் இறைச்சியும் அவற்றுக்கு வழியாகும்.

ஐயத்திற்குக் காரணம் உண்டு

ஆன்டிபயாடிக் என்று மருந்துக்கடையில் வழங்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒன்றிரண்டு தற்செயலாக அம்மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருக்கலாம். மருந்து படும்போது மற்றவை மடிகின்றன. தாங்கியவை தனிக்காட்டு அரசாகப் பெருகுகின்றன. களையெடுப்பவர் நெல்லைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்டுவைத்தால் வயல் என்னவாகுமோ, அதுவே இங்கும் நிகழ்கிறது. மருந்தை வேண்டாதபோது உண்பதும், ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவர் உண்பதும் இத்தகைய கிருமிகளுக்கு உரமிடுவதாகும்.

மனிதருக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் இம்மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. நோய் தீர்ப்பதற்குக் கொடுப்பதில் குறை காண இயலாது. நோய் இல்லாத கோழிக்கும், விரைவில் எடை கூடட்டும் என்று தீவனத்தில் கலந்து கொடுப்பதே சிக்கல். தில்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014ஆம் ஆண்டு, தில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் வாங்கிய 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. நூற்றுக்கு 40 மாதிரிகளில் நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் எச்சம் காணப்பட்டது. வேறு மருந்துகள் எவையும் பயன்படாத நிலையில் மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் கோலிஸ்டின் என்னும் மருந்தைக்கூடக் கோழிப்பண்ணைகள் பயன்படுத்தி வந்தன. 2019ஆம் ஆண்டு சூலை மாதத்தில் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அதனைக் கொடுக்க இந்திய அரசு தடை விதித்தது.

எனவே கோழியின்மீது ஐயம் கொள்வது அறியாமையன்று. எனினும், கறியில் மருந்தின் எச்சம் இருப்பது ஒன்று. மருந்துக்கு அடங்காத கிருமி அக்கோழியிலிருந்து மனிதருக்குத் தொற்றியது என்பது மற்றொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவ முடியாது. அதற்குக் கிருமியையே படிக்க வேண்டும். ‘படிக்க வேண்டும்’ என்னும் சொல்லை இங்கு நேர்ப்பொருளிலேயே கொள்ளலாம்.

ஏட்டுப்பிழை காட்டும் உறவு

அச்சு வருவதற்கு முன் தமிழ் நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டன. ஓலை நெடுநாள் நில்லாது. ஆதலால் ஒரு சுவடியைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதுவர். எழுதுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரிரு இடத்தில் எழுத்து மாறிவிடும். அந்தப் பிழையான ஏட்டைப் பார்த்து எழுதுபவர் பழைய பிழையையும் சேர்த்து எழுதுவார்; தம் பங்குக்குப் புதிதாக ஒன்றையும் சேர்ப்பார்.

ஓர் எடுத்துக்காட்டு. மூல ஏட்டில் ‘ஆற்றின் கரையில் மரம் நின்றது’ என்று இருந்ததாகக் கொள்வோம். இப்போது கிடைப்பவை மூன்று படிகள். முதல் படியில் ‘ஆற்றின் கரையில் மறம் நின்றது’ என்றும், இரண்டாம் படியில் ‘ஆற்றின் கறையில் மறம் நின்றது’ என்றும், மூன்றாம் படியில் ‘காற்றின் கரையில் மரம் நின்றது’ என்றும் உள்ளன. எழுதியவர் யார், எந்த ஊரினர் என்பன தெரியாவிட்டாலும் ஒன்றைக் கூறிவிடலாம். ‘மறம்’ என்னும் பிழை முதலிரண்டிலும் இருக்கிறது. ஆகவே அவ்விரண்டும் ஒரு குடும்பம். இரண்டாம் படியில் கூடுதலாக ஒரு பிழை இருப்பதால், அது முதல் படியைப் பார்த்து எழுதப்பட்டிருக்கக் கூடும். மூன்றாம் படிக்கு அந்தக் குடும்பத்தில் இடமில்லை. அது வேறு வழியில் வந்தது. (ரகர றகரப் பிழைக்குத் தில்லி வகுப்பறைகளில் இன்றும் பஞ்சமில்லை. அடுத்தடுத்த இருக்கையில் இருக்கும் இருவருடைய ஏட்டில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால் ஆசிரியர் என்ன முடிவுக்கு வருவார் என்பதை மாணவர்கள் நன்கு அறிவர்.)

1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல ஊர்களிலிருந்து கிடைத்த சுவடிகளை வரிக்கு வரி ஒப்புநோக்கியே நூலின் உண்மை வடிவத்தைத் தேடினார். பதிப்பாசிரியர் சுவடிகளிடம் செய்ததை மரபியலாளர் கிருமிகளிடம் செய்கின்றனர்.

ஒவ்வோர் உயிரின் உடலமைப்புக்கும் உரிய கட்டளைகள் டி.என்.ஏ. என்னும் மூலக்கூறில் எழுதப்பட்டுள்ளன. அங்கு எழுத்துகள் நான்கே: அடினைன், குவானைன், சைட்டோசைன், தைமின். சால்மொனெல்லாவின் மரபுத்தொகுதியில் இந்நான்கும் மாறிமாறி ஏறத்தாழ 48 இலட்சம் இடங்களை நிரப்புகின்றன. கிருமி இரண்டாகப் பிளக்கும்போதெல்லாம் இவை அனைத்தும் படியெடுக்கப்படுகின்றன. எப்போதேனும் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. டைபிமூரியம் போன்ற வகையில் ஒரு கிருமி வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றிரண்டு எழுத்து மாற்றங்களே நிலைக்கின்றன. இந்தச் சிறு மாற்றங்களே ஆய்வாளருக்குப் போதும். இரண்டு கிருமிகளுக்கிடையே மூன்றே எழுத்து வேறுபாடு இருந்தால் அவை அண்மையில் பிரிந்த உடன்பிறப்புகள். அறுபது எழுத்து வேறுபாடு இருந்தால் அவை என்றோ பிரிந்த பங்காளிகள்.

இம்முறை வருவதற்கு முன்பும் கிருமிகளை வகைப்படுத்தி வந்தனர். பாக்டீரியாவை அழிக்கும் வைரசுகள் பல உள்ளன. ஒரு கிருமி எவ்வெவ் வைரசுக்கு மடிகிறது என்று பார்த்து அதற்கு ஓர் எண் கொடுப்பர். தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சால்மொனெல்லாவை இவ்வாறு வகைப்படுத்தும் பணி நெடுங்காலம் நடைபெற்றது. பயனுள்ள முறைதான், ஆனால், ‘இது சிந்தாமணிச் சுவடி, அது சிலப்பதிகாரச் சுவடி’ என்று பிரிப்பது வரைதான் அதனால் இயலும். சிந்தாமணிச் சுவடிகள் இருபதினுள் எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை அது சொல்லாது.

104ஆம் எண் கிருமி

அவ்வாறு எண் பெற்ற ஒரு கிருமிதான் டி.டி.104. இது டைபிமூரியம் வகையைச் சேர்ந்தது. ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்பா மருந்துகள், டெட்ராசைக்ளின் ஆகிய ஐந்துக்கும் அடங்காதது. 1980களில் பிரிட்டனில் கண்டறியப்பட்டு, 1990களில் உலகின் பல நாடுகளில் பரவியது. மாடுகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது, மனிதரிடமும் காணப்பட்டது. எண் இரண்டிடத்தும் ஒன்றே. எனவே பண்ணை விலங்குகளே மருந்துக்கு அடங்காத கிருமியை மனிதருக்குத் தருகின்றன என்ற கருத்து வலுப்பெற்றது.

இதனைச் சோதிக்க ஆலிசன் மேதர் முதலிய ஆய்வாளர்கள் முற்பட்டனர். 1990 முதல் 2011 வரை மனிதரிடமும் விலங்குகளிடமும் எடுத்துப் பாதுகாக்கப்பட்ட 373 மாதிரிகளை எடுத்துக்கொண்டனர். அவற்றுள் பெரும்பாலானவை ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றின் மரபுத்தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்து, எழுத்து மாற்றங்களைக் கொண்டு ஒரு குடிவழி மரம் வரைந்தனர்.

அம்மரத்தைப் படிக்கும் முறை எளியது. ஒவ்வோர் இலையும் ஒரு மாதிரி. மனிதரிடமிருந்து எடுத்த இலைக்குச் சிவப்பும் விலங்கிடமிருந்து எடுத்த இலைக்கு நீலமும் பூசியதாக எண்ணிக்கொள்க. கிருமி இரு சாராரிடையே தடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு கிளையிலும் சிவப்பும் நீலமும் விரவிக் கிடக்க வேண்டும். போக்குவரத்துக் குறைவாக இருந்தால், சிவப்பு இலைகள் தம்முள் திரளும். நீலம் தம்முள் திரளும்.

2013ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியாயிற்று. நிறங்கள் பெரும்பாலும் தனித்தனியே திரண்டிருந்தன. மனிதரிடையே பரவிய கிருமி பெரும்பாலும் மனிதரிடமே சுற்றிவந்தது; விலங்குகளிடம் இருந்தது விலங்குகளிடமே சுற்றிவந்தது. ஒரு சாராரிடமிருந்து மறு சாராருக்குத் தாவியது உண்டு. ஆனால் எத்திசையிலும் அது மிகுதியில்லை. மேலும், மருந்தெதிர்ப்பு மரபணுக்களின் வகைகள் விலங்குகளைவிட மனிதரிடமே கூடுதலாக இருந்தன. உள்ளூர் மாடுகளே எல்லாவற்றுக்கும் ஊற்று என்றால், ஊற்றில் இல்லாதது ஓடையில் எப்படி வந்தது?

இதனைக் கொண்டு, ‘விலங்குகளால் எக்கேடும் இல்லை’ என்று கூறிவிடுவது முன்னைய அவசரத்திற்கு எதிரான மற்றோர் அவசரமாகும். 1998ஆம் ஆண்டு டென்மார்க்கில் அதே டி.டி.104 வகைக் கிருமியால் 25 பேர் நோயுற்றது உறுதி செய்யப்பட்டது, இருவர் உயிரிழந்தனர். அங்கு நடந்த ஆய்வு ஒரு பன்றிப் பண்ணையில் சென்று முடிந்தது. நோயாளியிடம் இருந்த கிருமியும் பண்ணையில் இருந்த கிருமியும் மரபமைப்பில் ஒத்திருந்தன. ஒரே கிருமி, ஓரிடத்தில் விலங்கு பெரிதும் விடுபட்டது, மற்றோரிடத்தில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே விசாரிக்கத்தான் வேண்டும்.

தில்லியின் பெயர் தாங்கிய மரபணு

தில்லி மக்களுக்கு இவ்வகைப் பழிச்சொல்லின் வலி தெரியும். 2008ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் ஒரு நோயாளியின் உடலில், பெரும்பாலான வலிய மருந்துகளை முறித்துவிடும் ஒரு புதிய நொதி கண்டறியப்பட்டது. அவர் அதற்கு முன் புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்தவர். ஆகவே அதற்குப் புதுதில்லியின் பெயரையே சூட்டி ‘என்.டி.எம்.-1’ என்றனர். முதலில் கண்ட இடத்தைப் பிறந்த இடமாக்கிவிட்டார்கள் என்று இந்தியாவில் பலரும் கண்டனம் தெரிவித்தனர். 2010ஆம் ஆண்டு ‘லான்செட்’ குழும இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக இருந்து எழுதிய கட்டுரை, அந்த மரபணு சென்னை, அரியானா, பிரிட்டன் முதலிய பல இடங்களிலும் இருப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் தில்லியில் தெருவோரம் தேங்கிய நீரிலிருந்து 171 மாதிரிகளும் குழாய்நீரிலிருந்து 50 மாதிரிகளும் எடுக்கப்பட்டன. தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் குழாய்நீரில் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. பெயர் வைத்தது முறையா என்பது ஒரு வினா. நீரில் அது இருந்தது என்பது வேறொரு செய்தி. பெயர்மீது கொண்ட சினத்தில் நீரை மறந்துவிடக் கூடாது.

இந்த மரபணுவிடம் மற்றொரு விந்தையும் உண்டு. அது கிருமியின் முதன்மை மரபுத்தொகுதிக்குப் புறம்பாக, பிளாஸ்மிடு எனப்படும் சிறு வளையங்களில் அமர்ந்து, ஓரினக் கிருமியிலிருந்து வேறினக் கிருமிக்குத் தாவக்கூடியது. ஒரு நூலின் பாடலை மற்றொரு நூலின் சுவடியில் இடைச்செருகலாகச் சேர்ப்பது போன்றது இது. இந்தியாவில் மருத்துவமனையில் இருந்துவிட்டு அமெரிக்கா சென்ற ஒருவரிடம் எடுத்த சால்மொனெல்லாவிலும் என்.டி.எம்.-1 காணப்பட்டதாக 2011இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. எனவே ஆய்வாளர் இரண்டு பயணங்களை ஒருங்கே பின்தொடர வேண்டியுள்ளது: கிருமி சென்ற வழி ஒன்று, கிருமி விட்டுக் கிருமி மரபணு தாவிய வழி மற்றொன்று.

மாதிரி இல்லையேல் வழக்கு இல்லை

இந்தியாவில் மனிதரிடமிருந்து கிடைக்கும் சால்மொனெல்லாவை வகை காணும் தேசிய மையம் இமாசலப் பிரதேசத்தின் கசௌலியிலும், விலங்குகளிடமிருந்து கிடைப்பவற்றுக்கான மையம் உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரிலும் அமைந்தன. மனிதருக்கு ஒரு துறை, கால்நடைக்கு மற்றொரு துறை என்பது நிருவாகத்திற்கு வசதியாக இருக்கலாம். கிருமி அந்த வேலியைப் பார்த்து நிற்பதில்லை. சிவப்பு இலையும் நீல இலையும் ஒரே மரத்தில் வரையப்பட்டால்தான் விடை கிடைக்கும்.

அந்த இலைகள் ஆய்வகத்திற்கு எங்கிருந்து வருகின்றன? காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவரிடமிருந்துதான். டைபாய்டு என்று ஐயம் எழும்போது மருத்துவர் மருந்து தொடங்குவதற்கு முன்பே இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கச் சொல்கிறார். அதனைக் ‘கல்ச்சர்’ சோதனை என்பர். முடிவு வரச் சில நாள்கள் ஆகும். அதற்குள், பெட்டியில் மீந்திருந்த பழைய மாத்திரைகள் இரண்டை வீட்டார் கொடுத்துவிட்டால், இரத்தத்தில் உள்ள கிருமி ஒருவேளை ஒடுங்கிவிடும். ஆனால் முற்றும் அழியாது. சோதனைக் குப்பியில் ஒன்றும் வளராது. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது மருத்துவருக்குத் தெரியாமற்போகும். அந்த நோயாளியின் சுவடி மரத்தில் இடம்பெறாமலே மறைந்துவிடும்.

ஸ்காட்லாந்தில் 1990ஆம் ஆண்டு நோயாளிகளிடமும் மாடுகளிடமும் மாதிரி எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தவர்கள், அவற்றின் எழுத்துகளைப் பின்னாளில் ஒருவர் முழுமையாகப் படிப்பார் என்று எண்ணியிருக்க வழியில்லை. தன்னியல்பாக வாழும் ஓர் உயிரின் மரபுத்தொகுதி முழுவதும் முதன்முதலாகப் படிக்கப்பட்டதே 1995இல்தான். அந்தக் குப்பிகள் ஒட்டுச்சீட்டில் நாளும் இடமும் எழுதப்பட்டு, எடுத்தது மனிதரிடமா விலங்கிடமா என்ற குறிப்போடு, இருபது ஆண்டுகள் காத்திருந்தன.